விக்கெட் வேண்டாம் என்றது நான்தான்

இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை சுமந்து டவுனில் அரிசி மண்டி வைத்தேன், லாரி வாங்கினேன், மகளை வாத்தியார் வீட்டில் கட்டிக் கொடுத்தேன். அப்பேர்ப்பட்ட நானும் ஒருமுறை நடுங்கினேன்.

தொண்ணூறுகளில் ஓர் உலகக் கோப்பையின்போது, எங்கள் ஊர் டவுன் வியாபாரிகளும் ரயில் ஜங்ஷன் பக்கத்து வியாபாரிகளும் பல நாட்டு ஆட்டக்காரர்களை மாறி மாறிப் பொறுக்கி, தாளில் பக்கத்துக்கோர் அணி எழுதினோம். ஓட்டம், விக்கெட், கேட்ச் மூன்றில் இரண்டில் முந்தினால் வெற்றி. தோற்ற அணியை எழுதியவர்கள் மீசையை எடுக்க வேண்டும். டவுன் அணியை எழுதியது நானும் சம்பந்தி வாத்தியாரும்.

"விக்கெட் போனாப் போவுது. ஓட்டத்துக்கு மட்டைக்காரன், கேட்சுக்கு கீப்பர், அது போதும்வே" என்றேன்.

கடைசி ஆட்டத்தன்று ஓட்டம் எங்களுக்கு, விக்கெட் அவர்களுக்கு, கேட்ச் சமம். டீக்கடை ரேடியோ முன்னால் சம்பந்தியும் நானும் நின்றோம். சம்பந்தி மீசையும் போனால் மகள் வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன்?

"பவுலரே இல்லாம எழுதுன புத்திசாலி யாருவே?" என்று எங்கள் பக்கத்து எண்ணெய்க்கடைக்காரர் கத்தினார்.

"சம்பந்தி யோசனை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, நாந்தான்" என்றார் பைய.

ஒரே ஒரு கேட்சில் ஜெயித்தோம். யோசனை சொன்னவர் என்று மாலை சம்பந்தி கழுத்தில் விழுந்தது. அவருடைய தைரியம் எனக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசனை என்னுடையது. இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரையும் சொல்லியாக வேண்டும்.