குளத்தின் தலையில் கட்டிய வெப்பம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளர் எய்லர்ட் பொப்பிங்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிப் பள்ளி அலுவலகத்தில் என் மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்தில் நான் அதை நாலு தடவை பார்த்திருந்தேன். ஊட்டர்ஸீல் நகராட்சி தன் கட்டடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மூளை வைத்த அந்தக் குளிர்காலத்தில் வாரத்துக்கு நாலு தடவை பார்த்தேன்.

மூளை என்று சொன்னவர் மேயர் கிளாசன். ஒருங்கிணைந்த ஆற்றல் மேலாண்மை அமைப்பு என்பது அதன் முழுப்பெயர். நகர மன்றம், நூலகம், தீயணைப்பு நிலையம், எங்கள் பள்ளி, பள்ளியோடு ஒட்டிய சிறுவர் நீச்சல்குளம், கடைத்தெரு விளக்குகள் எல்லாவற்றின் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் இனிமேல் ஒரு கணினி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஹீட்டர்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கொதிகலன் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பம்பின் சத்தத்தை வைத்தே எந்த வகுப்பில் குளிர்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர் கையில் ஒரு தொடுதிரைக் கருவியைக் கொடுத்து, "புகார் இருந்தா இதுல போடுங்க" என்றார்கள்.

புகார் போட நாற்பது எழுத்துதான் இடம். வகை மூன்று: குளிர், விளக்கு, இதர. சூடு அதிகம் என்று சொல்ல வகையே கிடையாது. எங்கள் கடலோரத்தில் சூடு அதிகம் என்று யாரும் புகார் சொல்லமாட்டார்கள் என்று யாரோ நகரத்துப் பையன் முடிவு செய்திருக்கிறான்.

முதல் வாரமே குளத்தில் வேடிக்கை. அங்கே விளக்குகளுக்கு அசைவை உணரும் கருவி வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மல்லாந்து அசையாமல் மிதக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லை என்று நினைத்து மூளை விளக்கை அணைத்துவிட்டது. கும்மிருட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் போட்ட கூச்சல் என் அறைவரை கேட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நீச்சல் பாடத்துக்கும் பொப்பிங்கா கரையில் நின்று நீளத் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி, ஆறடி உயரம்.

"எத்தனை நாளைக்கு இப்படி ஆட்டுவீங்க, ஹெர் பொப்பிங்கா?" என்று கேட்டேன். இத்தனை வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் எங்களுக்குள் 'ஹெர்', 'ஃப்ராவ்' என்ற மரியாதை விளிப்பும் 'நீங்க'வும்தான். எங்கள் பக்கம் அப்படித்தான்.

"இதரன்னு போட்டு எழுதியிருக்கேன். 'உங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டது'ன்னு அரை நிமிஷத்துல பதில் வந்துச்சு. அரை நிமிஷத்துல எவன் பரிசீலிச்சான்?" என்றபடி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

டிசம்பரில் மேயரிடமிருந்து கடிதம் வந்தது. குளமும் அதை ஒட்டிய பகுதியும் மட்டும், மீதிப் பள்ளி முழுவதையும்விட அதிக வெப்பம் தின்கிறதாம். ஜனவரி முடிவுக்குள் அளவு குறையாவிட்டால் பிப்ரவரி மன்றக் கூட்டத்தில் குளத்தை மூட வாக்கெடுப்பு நடக்கும். பொப்பிங்கா அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

அவருக்கு ஏன் அப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் கூரை வேலைக்காகக் குளத்தை ஒன்றரை வருடம் மூடினோம். அந்த இரண்டு வருடத்து மூன்றாம் வகுப்புகளும் நீச்சல் பழகாமலே மேலே போயின. அதில் ஒருத்தி, வீப்கே என்ற ஒன்பது வயதுப் பெண், மதகுப் பக்கம் வாய்க்காலில் விழுந்துவிட்டாள். நாயோடு நடக்க வந்த ஒருவர் பார்த்துக் குதித்ததால் பிழைத்தாள். தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுகிற ஊர் இது. குளத்தைப் பூட்டச் சொன்னது நகராட்சி. ஆனால் சாவியைத் திருப்பியது தான்தானே என்று பொப்பிங்கா அதை இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் ஜனவரி முழுவதும் மனிதர் தூங்கவில்லை என்றே சொல்லலாம். உடை மாற்றும் அறைகளில் முப்பத்தொரு டிகிரி, தாழ்வாரத்தில் இருபத்தொன்பது. பிள்ளைகள் வியர்த்து வழிந்து நிற்கிறார்கள். அவர் மணிக்கொரு தரம் வெப்பமானியைப் பார்த்துச் சதுரக் கட்டம் போட்ட நோட்டில் எழுதினார். ஒவ்வொரு இடைவேளை மணிக்கும் பிறகு வெப்பம் எகிறுகிறது என்று கண்டுபிடித்தார். மணிக்கும் வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மின்சாரக்காரரைக் கூட்டிவந்து மணியையே கழற்றிப் பார்த்தார்.

"மணியில ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்குது," என்றார்.

நான் அந்த மூளையை வாயார வைதேன். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி மூன்று கோப்பை முடியாமல் விடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏன் என்று இப்போது தெரியும்.

ஜனவரி கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் காலை வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் பொப்பிங்கா நோட்டோடு உள்ளே வந்து வணக்கம் சொன்னார்.

"மொய்ன், ஃப்ராவ் ஊபன். உடம்பு தேவலையா?"

"தேவலை."

"நல்லது. இந்த மூணு நாள் உடை மாத்துற அறையில எத்தனை டிகிரி தெரியுமா? இருபத்திரண்டு. ஆடவே இல்ல. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா கட்டடத்துக்குக் காய்ச்சல் விட்டுடுது."

எனக்குப் புரியவில்லை. அவர் என் அலமாரிக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. போன செப்டம்பரில் அதை மாட்ட வந்த பையன், எந்த அறையில் நாள் முழுக்க ஆள் இருப்பார்கள் என்று கேட்டான். இங்கேயே மாட்டு என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். குளத்துப் பகுதி முழுவதற்கும் எத்தனை வெப்பம் அனுப்புவது என்பதை மூளை அந்த ஒரு பெட்டியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறதாம். அது எனக்கும் தெரியாது, பொப்பிங்காவுக்கும் அதுவரை யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு இடைவேளைக்கும் நான் என்ன செய்வேன்? இந்த நாட்டில் எல்லாரும் செய்வதைத்தான். இரண்டு சன்னலையும் விரியத் திறந்து பத்து நிமிடம் காற்று மாற்றுவேன். பனி கொட்டினாலும் திறப்பேன். என் அம்மா திறந்தாள், என் ஆசிரியைகள் திறந்தார்கள். அடைத்த காற்றில் உட்காருகிறவர்களை நான் மனிதராகவே மதித்ததில்லை. புதிய சன்னல்களில் திறந்தால் மூளைக்குச் சொல்லும் கருவி உண்டு. என்னுடையது பழைய சன்னல். நான் திறந்ததும் பெட்டிக்குக் குளிரும். ஐயோ, குளத்துப் பக்கம் உறைகிறது என்று மூளை அலறியடித்துக்கொண்டு கொதிநீரை அனுப்பும்.

"அப்போ இத்தனை நாளும் நான்தானா?"

"நீங்கதான்."

"இந்த நாற்காலியில உக்காந்து என்கிட்ட தேநீர் வாங்கிக் குடிச்சீங்களே, அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? நேத்துத்தான் பெட்டி மாட்டினவங்களுக்குப் போன் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நேத்தே நகராட்சிக்கு எழுதிட்டேன்."

மத்தியானமே நகராட்சியிலிருந்து பதில் வந்தது. கூட்டத்துக்கான ஆவணங்கள் அச்சாகிவிட்டன, கெடு முடிந்தபின் புள்ளிவிவரம் மாற்றுவதில்லை. மேலும் 'கட்டடத்தில் இருப்பவர்கள் காற்று மாற்றுகிறார்கள்' என்பது பொதுப்படையான கருத்து. இதைப் படித்ததும் எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"கட்டடத்தில் இருப்பவர்களா? என் பேரை எழுதியிருக்க வேண்டியதுதானே?"

"எழுதினா உங்க கோப்புல ஒரு குறிப்பு ஏறும். ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கு உங்களுக்கு. எதுக்கு?"

"குளம்?"

அவர் நோட்டை மூடினார்.

மன்றக் கூட்டத்தில் நகராட்சி ஊழியருக்கு ஊழியர் என்ற முறையில் வாய் கிடையாது. ஊரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் தொடக்கத்தில் கால் மணி நேரம் உண்டு, அதிலும் கேள்விதான் கேட்கலாம். பொப்பிங்காவின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அது வேறு நகராட்சி. என் வீடு இந்தப் பக்கம். இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் நல்லவளாகத் தெரிவேன். உண்மையில் இரண்டு நாளும் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியை மாட்டியவன்மேல், கிளாசன்மேல், என் பேரை மறைத்த பொப்பிங்காமேல், கடைசியில்தான் என்மேல்.

கூட்டத்தன்று பொப்பிங்கா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மன்ற உறுப்பினர்கள் பத்தொன்பது பேர். திரையில் குளத்தின் பேரில் வெப்பச் செலவைக் காட்டும் ஒரு சிவப்புக் கம்பம் கூரையைத் தொட்டது. நான் எழுந்தேன்.

"நான் இம்கே ஊபன், பள்ளி அலுவலகம். குளத்துப் பகுதிக்கு வெப்பம் அனுப்பறதைத் தீர்மானிக்கிற பெட்டி என் அறையில இருக்கு. நான் தினமும் ஆறு தடவை அதுக்குப் பக்கத்துல சன்னலைத் திறந்து வைக்கறேன். அந்தச் சிவப்புக் கம்பம் குளம் இல்ல, நான். நான் காய்ச்சல்ல படுத்திருந்த மூணு நாளைப் பாருங்க, கம்பம் படுத்திருக்கும்."

"ஃப்ராவ் ஊபன், இது கருத்து. கேள்வி நேரத்துல கேள்விதான் கேக்கணும்," என்றார் கிளாசன்.

"கேள்விதானே வேணும்? கேக்கறேன். இங்க இருக்கறவங்கள்ல, குளிர்காலத்துல ஆபீஸ் சன்னலைத் திறந்து காத்து மாத்தாதவங்க யாரு? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. கிளாசன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் பலர். எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தி அந்த மூன்று நாள் அளவைத் திரையில் போடச் சொன்னாள். போட்டார்கள். கம்பம் மூன்று நாளும் என் முழங்கால் உயரம்தான் இருந்தது. பெட்டியை இடம் மாற்றி, வசந்தம்வரை அளந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று பதினொன்றுக்கு எட்டில் முடிவானது. அதுவரை குளம் திறந்திருக்கும்.

என் கோப்பில் குறிப்பு ஏறும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. செயலாளர் என் பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டார். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். 

அப்போது கிளாசன் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "புழுக்கமா இருக்கு. பத்து நிமிஷம் காத்து மாத்திக்கலாம்," என்றார்.

நாலு சன்னலும் ஒரே நேரத்தில் விரியத் திறந்தன. ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே திருகு இல்லாத ஹீட்டர். பொப்பிங்கா எழுந்து வந்து முதல் ஹீட்டர்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேயரின் மேசைமேல் வைத்தார்.