தும்பைக்குப் பத்தியம்

முட்டை ஓட்டை உள்ளங்கையில் நொறுக்கிச் செடியைச் சுற்றித் தூவுகிறார். அதன் மேல் ஆறிப்போன தேயிலைச் சக்கை. அதற்கும் மேல் காய்கறி கழுவிய தண்ணீர். பிறகு குனிந்து, "போதுமா? இன்னும் கொஞ்சம்?" என்று கேட்கிறார். செடி பதில் சொல்லாமல் நகரமாட்டாரோ என்று நான் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துக்காரர். தொழிற்சாலை கேன்டீனில் சமையற்காரர். கை கழுவ எழுந்தவரையும் உட்காரவைத்து இன்னொரு கரண்டி போடுகிற ஆள். அவர் இப்படிச் சீராட்டுவது ரோஜாவை அல்ல. ரயில் பாதையோரம் தானாக முளைத்துக் கிடந்த தும்பையை. வேரோடு பெயர்த்து வந்து ஒரு பாத்தி நிறைய நட்டிருக்கிறார்.

"களையைப் போய் யாராவது வளர்ப்பாங்களா அண்ணே?" என்றேன்.

"தேனீ வரணும் சார். பூசணிக்கொடியில பூவாப் பூக்குது, ஒரு பிஞ்சு நிக்கமாட்டேங்குது. தும்பை இருந்தா தேனீ தேடிக்கிட்டு வருமாம்."

அதற்குத் தும்பை பூக்க வேண்டுமே! முழங்காலைத் தாண்டி வளர்ந்தது, இலையாகத் தழைத்துத் தள்ளியது, பேருக்கு ஒரு பூ இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். பூத்தா செடி, பூக்கலேன்னா புதர். மிஷினை விட்டுருவேன்" என்று கெடு வைத்தார். சமையற்காரருக்குத் தூக்கம் போயிற்று. என்ன செய்தார் என்கிறீர்கள்? முட்டை ஓட்டை இரண்டு பங்காக்கினார்.

அவர் மனைவிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "ஏங்க, உங்க தம்பி ஏன் வேலைக்குப் போகலை? நேரா நேரத்துக்குத் தட்டுல வந்து விழுது, அதான். இதுவும் அதே கதை. ரயிலோரத்துல இதுக்கு யாரு ஊட்டினாங்க? கொஞ்ச நாள் பத்தியம் இருக்கட்டும்."

எனக்கே பாவமாக இருந்தது. யாரையும் பட்டினி போட்டு அறியாத மனிதர். செடிக்கு ஊற்றும் கழுநீர் வாளியை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாத்திப் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடியே நடந்தார். இலைகள் பழுத்து உதிர்ந்தன. "இந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது சார்" என்று புலம்பினார்.

மாதக் கடைசியில் செயலாளர் வந்தார். கூடவே புல்வெட்டும் இயந்திரத்தோடு ஓர் ஆள். மோட்டார் உறுமியது. சமையற்காரர் பதறிப்போய்ச் செடி செடியாக விலக்கிப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு கொண்டையில் வெள்ளை வெளேரென்று நாலைந்து பூக்கள். ஒன்றுக்குள் தலையை நுழைத்து, பின்பாதி மட்டும் வெளியே தெரிய, ஒரு தேனீ.

அவர் வாதாடவில்லை. இயந்திரத்துக்கும் செடிக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்துப்பா. சாப்பிட்டுக்கிட்டு இருக்குல்ல?"

மோட்டார் அடங்கியது. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சமையற்காரர் பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் பக்கம் கையமர்த்தி, உதட்டின் மேல் விரலை வைத்தார்.