ஏழாயிரம்பண்ணையில் வெடித்த டயர்

போன ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணையில் ஒரு வெடிச் சத்தம். பயந்துவிடாதீர்கள் — என் சைக்கிளின் பின் டயர்தான்.

விருதுநகரில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கிளப் இருப்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு 'சோஷியல் ரைடு'. பந்தயம் கிடையாது. கடைசியில் வருகிறவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அந்தக் கடைசி ஆள் யார் என்கிறீர்களா? விடுங்களேன்...

இந்த விதியால் அதிகம் நொந்துபோகிறவர் சரவணன். காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். கொஞ்சம் அசந்தால் அடுத்த ஊரில் இருப்பார். "ஏலே, மெதுவாப் போலே!" என்று கத்துவதே எங்கள் கேப்டனுக்கு முழுநேர வேலை.

டயரில் காற்று நிறைய இருந்தால் சைக்கிள் லேசாக ஓடும் என்று யாரோ சொன்னார்கள். நம்பி, கிளம்பும்போதே கல்லு மாதிரி அடித்து வைத்திருந்தேன். சாத்தூர் தாண்டி ஏழாயிரம்பண்ணையில் டீக்கு நின்றோம். முன்னால் போனவர்கள் நிழலைப் பிடித்துக்கொண்டதால் என் சைக்கிள் வெயிலில் நின்றது. ஒரு வாய் டீ குடித்திருப்பேன் — டமார்!

வேறு ஊராக இருந்தால் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருப்பார்கள். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் இந்த ஊரில் ஒருவர்கூட என் சைக்கிளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்களெல்லாம் தெருவுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தார்கள். எங்காவது புகை தெரிகிறதா என்று.

"எந்தக் கம்பெனி? மேக்கால பாரு, மேக்கால பாரு!"

நானும் அண்ணாந்து பார்த்தேன் என்பதுதான் கொடுமை. வெடித்தது என் டயர் என்று எனக்கே உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டயரைத் தூக்கிக் காட்டினேன்.

"வெடிக்கிறதுக்கு உங்களுக்கு வேற ஊரு கெடைக்கலையா?" என்று திட்டிவிட்டு ஆளாளுக்குக் கலைந்தார்கள். நியாயமான திட்டுதான்.

டீக்கடை மாரியம்மா மட்டும் நகரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி நின்றார். அவர் கணவர் காலையில்தான் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போயிருக்கிறார். தீபாவளி சீசன், ஞாயிறும் வேலை. செல்போனை அணைத்து கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபீஸ் போனையும் யாரும் எடுக்கவில்லை.

"அக்கா, டயர்தான்க்கா. இங்கன பாருங்க..."

"கண்ணுக்குத் தெரியுது சார். வயித்துக்குத் தெரியணும்ல? போன தடவையும் 'ஏதோ லாரி டயரு'ன்னுதான் சொன்னாக. அன்னைக்குத்தான் எங்க மதினி போனாக."

கிழிந்த டயரைக் கீழே வைத்தேன். அசிங்கமாக இருந்தது.

கேப்டன் அவரிடம் கம்பெனிக்கு வழி கேட்டுக்கொண்டு, சரவணன் பக்கம் திரும்பினார். "ஏலே, போ. எம்புட்டு வேகமாப் போக முடியுமோ அம்புட்டு வேகமாப் போ."

கிளப் வரலாற்றில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு உத்தரவு வந்ததே இல்லை. யாரோ பைக் சாவி தேடுவதற்குள் சரவணன் தெருமுனையைத் தாண்டிவிட்டார். "பேரு கருப்பசாமி!" என்று மாரியம்மா பின்னாலேயே கத்தினார். கணவரை 'அவுக' என்று மட்டுமே அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

காத்திருந்தோம். மாரியம்மா ரோட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரவணன் திரும்பி வந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வரும்.

"நல்லா இருக்காருக்கா. வாட்ச்மேன் கூப்பிட்டு விட்டாரு. கேட்டுக்கு வந்து பேசினாரு."

"நீங்களே பாத்தீகளா? நெசமாவா? என்ன சொன்னாக?"

சரவணன் தயங்கினார். எங்களைப் பார்த்தார். "காலையில கட்டிக் குடுத்த புளிச்சோத்துல உப்பே இல்லையாம். வாயில வைக்க முடியலையாம்."

மாரியம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு அழுகையோடு அழுகையாகச் சிரித்தார்.

"அப்ப அவுகதான்."

அடுப்பைப் பற்றவைத்து எங்கள் எல்லோருக்கும் புதிதாக டீ போட்டுக் கொடுத்தார்.

அதில் சர்க்கரையே இல்லை. நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை.