அரைக் கட்டை சுதி

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். போர்வெல் லாரி, சுண்ணாம்புக்கல் லாரி, பரோட்டாக் கடை என்று சுற்றிவிட்டு, கேட்டுக் கேட்டுப் பழகிய கீபோர்டோடு பெரம்பலூரில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ஒட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் எல்லாக் கல்யாண வரவேற்பிலும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு சிந்தசைசர் சத்தம் வரும். சுரங்கள் துண்டு துண்டாக, ரைஸ்மில் பெல்ட் மாதிரி தாளத்தோடு ஓடும். அதை அப்படியே கொண்டுவருகிறேன் என்று குழுவில் சொல்லிவிட்டேன். நான்கு நாள் முயன்றும் வரவில்லை. என் விரல்களுக்கு அந்த வேகம் இல்லை. ஐந்தாம் நாள், அந்தத் துண்டைச் செல்போனில் வெட்டி கீபோர்டில் ஏற்றினேன். ஒரு கீயை அழுத்தினால் போதும், சினிமாவில் வருவதே வரும். மற்ற விரல்களைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணனுக்குக் கையில ஆறு வெரலு போல” என்றான் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவை நடத்தும் மாஸ்டர் என் தோளில் தட்டினார். நான் சிரித்துக்கொண்டேன்.

பாட்டைப் பாட வேண்டியவள் அரியலூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். மேடையில் பாடுவது மாமியாருக்குப் பிடிக்காது. “ஒருதரம் வந்து பாக்குறேன். அப்புறம் சொல்றேன்” என்று மாமியார் சொல்லியிருந்தாராம். அந்த ஒருதரம், பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் நடந்த வரவேற்பு. மாமியார் இரண்டாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மேடையேறும் முன் அவள் என்னிடம் வந்தாள். சளி பிடித்திருந்தது.

“அண்ணே, மேல போகாது போலருக்கு. சுதிய அரைக் கட்ட எறக்கிக்கங்களேன்.”

மற்ற பாட்டென்றால் ஒரு பட்டனில் இறக்கியிருப்பேன். இதை இறக்கினால், வெட்டி வைத்த துண்டின் சுதியோடு வேகமும் இழுபட்டுப் போகும். நான் வாசிக்கவில்லை என்பது டிரம்ஸ்காரனுக்கு உடனே தெரிந்துவிடும்.

“எறக்குனா அந்தச் சத்தத்துல உசுரே இருக்காதும்மா. நீ பாடு, தானா வரும்.”

“நெசமாவா?”

“நான் சொல்றேன்ல.”

அவள் நம்பினாள். சத்தம் தொடங்கியதும் மண்டபம் விசிலடித்தது. அவள் பல்லவியைச் சமாளித்தாள். சரணத்தில் உச்சிக்குப் போன இடத்தில் குரல் கிழிந்தது. மறுபடி முயன்றாள், மறுபடி கிழிந்தது. பின்வரிசையில் ஒருவன் அதேபோல் குரலைக் கிழித்துக் காட்டினான், நாலு பேர் சிரித்தார்கள். மாமியார் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். “சாதகம் பண்ணாம வந்தா இப்படித்தான்” என்றார் மாஸ்டர். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதன்பின் அவள் வரவில்லை.

சில மாதம் கழித்து, அரும்பாவூரில் ஒரு நிகழ்ச்சிக்குக் காத்திருந்த மதியத்தில் அந்தச் சத்தம் பிடிபட்டது. அதில் பாதிதான் வாசிப்பு, மீதி கீபோர்டே திருப்பித் தரும் எதிரொலி. எதிரொலி திரும்பும் நேரத்தைத் தாளத்தோடு பொருத்திவிட்டால் இரண்டு விரல் போதும். அரைக் கட்டை இறக்கி வாசித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அரியலூருக்கு பஸ் ஏறினேன். ஜவுளிக்கடையில் அவள் பாவாடைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சிறுத்துவிட்டது.

“அண்ணே, ஒங்கள்ட்ட அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். அத்தனை நாளு ஒழைச்சு அந்தச் சத்தத்தக் கொண்டாந்தீங்க. என் தொண்டையால எல்லாம் வீணாப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவால்லம்மா, வுடு” என்றேன்.

சும்மா வந்ததாகத் தெரியக்கூடாதென்று ஒரு துண்டு வாங்கினேன். அதையும் அவள்தான் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.