எருமை தின்ற தவிடு

முளையில் சுற்றிய கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, போதாதென்று இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுகிறாள் மூக்காயி. எருமை தலையைத் திருப்பினால் வைக்கோல் எட்டும். அதற்கு மேல் ஒன்றும் எட்டாது. யாராவது பாவம் என்று சொல்லிவிட்டால் போதும். "கெடக்கட்டும். இதோட ஆத்தா பண்ணுன வேலைக்கு இது அனுபவிக்குது" என்பாள். தாய் எருமை செத்து வெகுகாலம் ஆகிறது. அது பண்ணிய வேலையை அவளைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

எருமையைக் கட்டியதும் கை கழுவுவாள். முழங்கை வரைக்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயும் கழுவுவாள். ஆலங்குடிக் கடைத்தெருவைத் தாண்டி இருக்கிற பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. சமஸ்தானத்து நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தபோது அவளுக்குச் சேலைக் கரை மட்டும் மாறியது. சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கார்பாலிக் சோப்பு இருக்கும். சந்தையில் பூசணிக்காய் வாங்கினாலும் ஒரு உள்ளங்கையை மேல்பக்கமும் ஒன்றை அடிப்பக்கமும் கொடுத்துத்தான் தூக்குவாள். பூசணிக்காய்க்குக் கழுத்து கிடையாது என்று கடைக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஒமக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்" என்று பதில் வந்தது.

இடுப்பு வலியில் இருப்பவளிடம் அவள் கொஞ்சிப் பேசி யாரும் கேட்டதில்லை. "கத்து. கத்துறதுக்கு வரி கெடையாது. முக்கச் சொல்றப்ப மட்டும் முக்கீறணும்." கத்துகிறவளுக்கு அந்த நேரத்தில் அது தெம்பாக இருக்கிறதாம். அடுத்த பிரசவத்துக்கும் அவள் இருக்கிற நாளாகப் பார்த்து வருகிறார்கள், தங்கள் இஷ்டப்படி வலி வரும் என்பதுபோல.

பிறந்த பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதை வேறொருத்தி கையில் கொடுத்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அது இன்னொருத்தி பிள்ளை ஆகிவிடும். எமன் பழைய வீட்டில் தேடிவிட்டுப் போய்விடுவான். பிறகு பெற்றவளே ஒரு படித் தவிடு கொடுத்து அதைத் திரும்ப வாங்குவாள். பேர் பிச்சை என்று வைப்பார்கள். பிச்சையாக வந்து தவிட்டுக்கு வாங்கியதன் மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள்?

மற்ற ஊர்களில் கொடுத்த கையோடு வாங்கிக்கொள்வார்கள். மூக்காயியிடம் அது நடக்காது. அவள் கையில் கொடுத்தால் பத்தாம் நாள்தான் விற்பாள். அதுவரை தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அதற்குக் காரணம் உண்டு. அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்துச் சாணிச் சாம்பலை வைத்துக் கட்டினால், ஒரு வாரத்தில் பிள்ளைக்கு வாய் கிட்டிக்கொள்ளும். பால் இறங்காது. உடம்பு வில்லாக விறைத்து, எட்டாம் நாள் வாக்கில் போய்விடும். கொதிக்க வைத்த கத்தரியும் சுத்தமான துணியும் போதும், வேறொன்றும் வைக்காதீர்கள் என்று நர்சம்மா தொண்டை வற்றச் சொல்லுவார். மாமியார்கள் தலையை ஆட்டிக்கொண்டே மடியிலிருந்து சாம்பலை எடுப்பார்கள். மூக்காயி இடையில் வந்து நிற்பாள். "இது எம்புள்ள. தொடாதீங்க." சாம்பல் மடிக்கே திரும்பிப் போகும். "நர்சம்மா சொன்னா சண்டைக்கு வாராளுக. எம்புள்ளைன்னா வாயப் பொத்திக்கிறாளுக. எப்புடியோ தொப்புளு காஞ்சாச் சரி."

அவளுக்குப் பிறந்தவை மூன்று. மூன்றும் வாய் கிட்டித்தான் போயின. அது ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால். புருஷன் ரங்கூன் போனவர், வரவில்லை.

இப்படி அவள் வாங்கி விற்றதில் ஆலங்குடி வட்டாரம் பிச்சைகளால் நிறைந்துவிட்டது. சிலர் பேர் எடுத்தவர்கள். திருச்சி பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர் பிச்சை ஒருவர். ஆஸ்பத்திரி வாசலில் ஆரன் அடிக்காமல் அவர் பஸ் ஆலங்குடியை விட்டுப் போனதில்லை. நாயனக்காரர் பிச்சை, கட்டுமாவடி வரைக்கும் கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவர். சடுகுடு பிச்சையின் தொடையைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டம் வருகிறது. முந்திரிக்கொட்டை மண்டி வைத்திருக்கும் பிச்சையம்மாள் பஞ்சாயத்து மெம்பர். அவர் கூட்டத்துக்கு வந்தால் தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். ஒரு கல்யாணப் பந்தியில், "பிச்சை, எந்திரிச்சு வாங்க, மாப்பிள்ளை கூப்புடுறாரு" என்று யாரோ குரல் கொடுக்க, ஒரு வரிசையே பாதி இலையில் எழுந்து நின்றது.

பொங்கலுக்கு இவர்கள் எல்லாரும் மூக்காயி வீட்டுக்கு வருவார்கள். சேலை, வாழைத்தார், வெல்லம் என்று வாசல் நிறையும். ஆத்தா, ஆத்தா என்று சுற்றி உட்காருவார்கள். அவள் வாங்கி வைத்துக்கொண்டு, "ஏண்டா, நகத்த வெட்டுனா என்ன" என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளா என்றால், "வித்த புள்ளைக" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, பிச்சைகள் காதில் விழாமல் சொல்லுவாள்: "விக்காதது ஒண்ணு இருக்கு. கீரனூர்ல வாத்தியாரு."

அந்த வாத்தியார் பிச்சை ஒரு பொங்கலுக்கும் வந்ததில்லை. அவருக்கு அப்போது இந்த விஷயமே தெரியாது.

நடந்தது இதுதான். வாத்தியாரின் தாய் சொர்ணவல்லி அப்போது ஆலங்குடிப் பக்கம் இருந்தாள். இரண்டைப் பறிகொடுத்து மூன்றாவதை மூக்காயி கையில் கொடுத்தாள். பத்தாம் நாள், புருஷனுக்குக் கீரனூர் ரைஸ் மில்லில் வேலை கிடைத்துக் குடும்பமே கிளம்புகிற அவசரம். தவிட்டுச் சொளகை மூக்காயி வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த பிள்ளையை எடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் எருமை சொளகை நக்கிக்கொண்டிருக்கிறது. வேறு தவிட்டுக்கு எங்கே போவது? பஸ் ஆரன் அடிக்கிறது. "எரும யாருது? ஒன்னுதுதானே. அது தின்னா நீ வாங்குனாப்பலதான்" என்று சொல்லிப் பிள்ளையோடு ஏறிவிட்டாள். மூக்காயியும் சரி என்று தலையாட்டினாள். அன்று மாலை வெறுஞ்சொளகைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தவிடு அவள் கையில் வந்து சேரவில்லை. அவள் விற்கவில்லை. அதை அவள் சொர்ணவல்லியிடம் போய்ச் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து எருமைக்குக் கயிறு குட்டையாயிற்று.

பின்னாளில் கீரனூர்ச் சேதியெல்லாம் டிரைவர் பிச்சை மூலமாக அவளுக்கு வந்துகொண்டிருந்தது. வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்தது, வேலை கிடைத்தது, ராசாத்தி என்ற பெண்ணைக் கட்டியது. அறுபத்து நாலாம் வருஷத்தில் ஒருநாள் டிரைவர் பஸ்ஸை விட்டு இறங்கியே வந்தார்.

"ஆத்தா, வாத்தியாரு வீட்டுல முன்னாடி ரெண்டு புள்ள போயிருக்காம்ல. எங்கிட்டச் சொல்லவே இல்ல. இப்ப மூணாவது உண்டாயிருக்கு."

"ரெண்டும் எப்பப் போச்சு?"

"எட்டாம் நாளு. ரெண்டுமே."

"எங்க பெத்தா?"

"வீட்டுலதான். சொர்ணவல்லியம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஆகாதாம். ரெண்டாவத பக்கத்து வீட்டுல குடுத்து, கையோட தவிட்டுக்கு வாங்கிப் பிச்சைன்னு பேரும் வச்சிருக்காக. அப்பவும் தங்கல."

"இவன் வாத்தியாருதானே? இவன் புத்தி எங்க போச்சு?"

"பிரசவத்துல ஆம்பள பேசலாமா ஆத்தா?"

சொர்ணவல்லி நம்பியது தவிட்டை. மூக்காயி கையில் கத்தரியும் இருந்தது அவள் கண்ணில் படவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டாள். அவளை வரவைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் செய்தால் அவள் தவிட்டோடு வருவாள். வந்தால் வாத்தியாரை விற்க வேண்டும். விற்றால் அவனும் பொங்கல் கூட்டத்தில் ஒருவன். மற்றவர்களாவது வெல்லம் கொண்டுவருகிறார்கள். மூக்காயி அன்றைக்கு ஒரே துணியை இரண்டு தடவை துவைத்தாள். மறுநாள் பஸ் நின்றதும் ஜன்னலருகே போனாள்.

"சொர்ணவல்லிட்டச் சொல்லு. ஒம்மகன நீ இன்னும் வாங்கல. தவிட்ட எரும தின்னுச்சு, நான் வாங்கல. வாங்காத பயலுக்குப் பொறக்குறது எப்புடித் தங்கும்னு கேளு."

டிரைவர் வாய் பிளந்தார். "அப்ப வாத்தியாரு இத்தன வருசமா ஒம்புள்ளையா?"

"வண்டிய எடு. சனம் நிக்கிது."

அந்த வாரமே மூவரும் வந்து இறங்கினார்கள். சொர்ணவல்லி மடியில் தவிட்டு மூட்டை. ராசாத்திக்கு முகமெல்லாம் பயம். வாத்தியார் வெள்ளைச் சட்டையும் பேனாவுமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய் கால் கழுவப் போன நேரத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதுல எனக்கு நம்பிக்கை இல்லீங்க. அம்மா பிடிவாதத்துக்கு வந்தேன்."

"எனக்கும் இல்ல தம்பி. இருந்தா ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்குவேனா?"

வாத்தியார் கடிகாரத்தை விட்டு அவளைப் பார்த்தார்.

சொர்ணவல்லி மூட்டையை அவிழ்த்தாள். "இந்தா மூக்காயி, இப்பவே வாங்கிக்க. தெரியாமப் போச்சு. எம்புள்ளைய எனக்குக் குடுத்துரு."

"இப்ப விக்க மாட்டேன். மருமக இங்க வந்து பெறட்டும். பத்தாம் நாளு அப்பனையும் புள்ளையையும் ஒண்ணா விக்கிறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இவன் எம்புள்ள. வாரது எம்பேரப்புள்ள. நான் சொல்றதுதான்."

சொர்ணவல்லி மூட்டையைக் கட்டினாள். ராசாத்தி அங்கேயே கீழே உட்கார்ந்து மூச்சு விட்டாள். மூக்காயி வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா, நகத்த வெட்டுனா என்ன?" ஐந்தாம் வகுப்பே நடுங்குகிற வாத்தியார் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ராசாத்திக்கு ஒரு மத்தியான நேரத்தில் பெண் பிறந்தது. நர்சம்மா கொடியை அறுத்து முடித்ததும் மூக்காயி கையில் கொடுத்தார். சொர்ணவல்லி வெற்றிலைப் பெட்டியில் சாம்பல் கொண்டுவந்திருந்தாள். "ஒரு சிட்டிகதான் மூக்காயி. மனசு கேக்கல." மூக்காயி பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தாள். "நல்ல சாம்பலு" என்றாள். வெந்நீர் அண்டாவை அதைப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. கையைக் கழுவிவிட்டு, பிள்ளையின் மோவாயைச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பாள். மறுபடியும் கழுவுவாள், மறுபடியும் பார்ப்பாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வாத்தியார் வந்து வாசலில் நின்றார். அங்கிருந்தே கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"வாயத் தொறக்குது. வெரலச் சப்புது. போ, போயி ஒரு காப்பியக் குடிச்சுட்டு வா."

அவர் காப்பி குடிக்கப் போகவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் மூக்காயி வீட்டு வாசலில் இரண்டு சொளகு. பிள்ளையின் தவிட்டை ராசாத்தி எடுத்துக் கொடுத்தாள். மூக்காயி இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே கொண்டுபோய்க் குதிருக்குள் கொட்டி மூடிவிட்டு வந்துதான் பிள்ளையைக் கொடுத்தாள். பேர் பிச்சையம்மாள். "இது கெட்டி விக்கிரயம். போ, மகராசியா வளரு."

சொர்ணவல்லி மகனுக்கான அடுத்த சொளகைக் கையில் எடுக்கும்போது பிள்ளை வீறிட்டது. பால் கொடுக்க உள்ளே போன மருமகளுக்குப் பதமாக உட்காரத் தெரியவில்லை. "இருடி, இந்தா வாரேன்" என்று சொளகைக் கொட்டிலோரம் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். வெளியே டிரைவர் பிச்சை ஆரன் அடித்தார்.

வாசலில் வாத்தியாரும் மூக்காயியும்தான் நின்றார்கள். கொட்டிலில் எருமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. கயிறு இழுத்துப் பிடித்தது; சொளகுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் கிடந்தது. வாத்தியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூக்காயி முளையருகே குனிந்து, காலையில் சுற்றியதில் இரண்டு சுற்றைக் கழற்றி விட்டுவிட்டு, கை கழுவப் போனாள்.