பகல் உறக்கம்

மும்பைக்கு வெளியே, எங்கள் டோம்பிவிலி வீட்டில் நேற்று பகலில் மேல்மாடிக்காரர்கள் சுவரில் துளை போட்டார்கள். இரவு வேலை முடித்துப் படுத்திருந்த என் மகள் தலையணையால் காதை மூடிக்கொண்டாள். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அறுபதுகளில் தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. மில்லில் நைட் ஷிப்ட் பார்த்த அப்பா காலையில் வந்து படுப்பார். ஒன்பது மணிக்குப் பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர் புரண்டுகொண்டே கிடப்பார். நானும் தங்கையும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவோம்.

ஒருநாள் மெஷின் முன்னால் அப்பா கண்ணயர்ந்துவிட்டார். பெல்ட் சட்டைக் கையைக் கிழித்தது, கை தப்பியது. அம்மா பட்டறைக்காரரிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, மத்தியானம் வரைக்கும் தட்டாம இருக்கக்கூடாதா? அவுக கண்ண மூடி நாளாச்சு."

"நான் தட்டலைன்னா என் வீட்ல அடுப்பு எரியாதும்மா."

மறுநாள் அப்பா படுத்ததும், எங்கள் சத்தமாவது இல்லாமல் இருக்கட்டும் என்று அம்மா எங்களை மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தாள். தங்கை பசிக்கிறது என்று அழுதும் அம்மா எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் திரும்பியபோது அப்பா செருப்பில்லாமல் சந்தில் வீடுவீடாக எங்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கட்டி போன?"

"நீங்க உறங்கணும்னுதான்."

"இன்னைக்கு அசதியில தகரச் சத்தத்துலயும் உறங்கிட்டுத்தான் இருந்தேன். இதுக பேச்சு கேக்கல. அதான் முழிச்சிட்டேன்."

அம்மா அவர் தலைமாட்டிலேயே எங்களுக்குச் சோறு போட்டாள். பட்டறையில் தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். தட்டு காலியாவதற்குள் அப்பா குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.