அட்டையில் இருந்த வயல்

1. தஞ்சாவூரில் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்தார்.
2. ஆய்வேட்டின் அட்டையைத் தாண்டவில்லை.
3. பட்டத்தைத் தள்ளிவைத்தார்.

ஒல்லியான மனிதர். எதைத் தொட்டாலும் கைக்குட்டையில் விரல் துடைப்பார். என் ஆய்வேட்டைத் தொட்டபின் இருமுறை துடைத்தார்.

காந்தம் சூடேறிக் காந்தத்தன்மையை இழப்பதுபோல, நிலைமாறும் தறுவாயில் இருக்கும் ஒரு பொருளின் தளத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் சிறிதாக்கிப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்தச் சமச்சீர்தான் என் ஆய்வு. அதற்கு உதாரணமாக அட்டையில், கோடையில் வெடித்துக் கிடந்த எங்கள் கீழ்வேளூர் வயலின் படம்.

“யாரு வயலும்மா?”

“அப்பாவோடது சார்.”

“வெடிச்ச பாளம் ஒண்ணு எவ்ளோ இருக்கும்?”

“ஒரு சாண் சார். எல்லாமே ஏறக்குறைய அவ்ளோதான்.”

“அப்ப அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு. பெருசாக்கிப் பாத்தா எப்படிம்மா ஒரே மாதிரி இருக்கும்? வயக்காட்டுலேர்ந்து வந்த பொண்ணு, வயல பாத்ததே இல்லையா?”

அறையே சிரித்தது.

“உள்ள கணக்கு இருக்கு சார்.”

“அட்டையே பொய். உள்ள வேற படிக்கணுமா?”

படம் தவறுதான். பிறகு அட்டையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன், கையெழுத்திட்டார். ஆனால் அளவை மாற்றினாலும் மாறாத ஒன்று, இடத்துக்கு இடம் அளவை வெவ்வேறாக மாற்றி, கோணத்தை மட்டும் காக்கும் மாற்றங்களிலும் மாறாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் நிரூபிக்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் அத்தனை கூர்மையாகப் பார்த்தவர் இதை ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. பட்டம் வந்துவிட்டது. நிரூபணம் இன்னும் என்னிடம் இல்லை.